மூன்று படத்திலும் செத்தவள்

என் கணவர் ராசப்பன் அடுத்தடுத்து மூன்று படம் எடுத்தார். மூன்றிலும் நான் செத்துப்போகிறேன்.

முதல் படத்தில் தண்ணீரில் மூழ்கி. இடக்கொச்சிக் காயலில் முட்டளவு தண்ணீரில் மூழ்குவது போலப் படுத்துக்கொண்டேன். கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் உண்மை என்று நம்பி ஓடிவந்து, என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். இவர் அந்த மனிதரையும் படத்தில் சேர்த்துக்கொண்டார். இரண்டாவது படத்தில் காய்ச்சல். மூன்றாவதில் பாம்பு கடித்து. பாம்பு என்றால் திருவிழாக் கடையில் வாங்கிய ரப்பர் பாம்பு. அதை என் காலடியில் போட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பூனை கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. அதனால் அந்தப் படத்தில் பாம்பே வராது, நான் மட்டும் சாவேன். பார்த்தவர்கள் அதை ஏதோ பெரிய உத்தி என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு விழாவில் அதற்காகச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்.

"ஒரு சாவு வந்தாத்தான் படத்துக்கு ஒரு கனம் வரும், பாக்கியம்," என்பார் இவர். உண்மையான காரணம் எனக்குத் தெரியும். செத்தவளுக்கு வசனம் கிடையாது, மாற்றுப்புடவை கிடையாது, மறுநாள் வரச்சொல்ல வேண்டியதும் இல்லை. மீதிப் படம் முழுக்கக் கதாநாயகன் துக்கப்பட்டுக்கொண்டு நடந்தால் போதும். எங்கள் கதாநாயகன் மாரிச்செல்வத்துக்கு இயற்கையிலேயே துக்க முகம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இடப்பள்ளியில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டராக இருக்கிறான். நல்ல உயரம், நல்ல மீசை. சும்மா நின்றாலே யாரோ இறந்துவிட்ட மாதிரி இருக்கும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் பாக்கியலக்ஷ்மி. சங்கரன்கோவிலிலிருந்து கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தவள். ஹரிதகர்ம சேனையில் வேலை. பச்சைக் கோட்டு போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் வாங்கி, சாக்கில் கட்டி, கொட்டகையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இந்த வார்டில் எந்த வீட்டு மரப்படி அழகு, எந்த வீட்டில் காலை வெயில் அடுக்களை வரை வரும், எந்த வீட்டு நாய் குரைக்காது என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும். டைரக்டர் போய்ப் படம் எடுக்க இடம் கேட்டால் ஜன்னல்கூடத் திறக்காது. பாக்கியம் சேச்சி கேட்டால் சாவியையே கையில் கொடுப்பார்கள். இவர் படங்களில் வரும் வீடுகளையெல்லாம் பத்திரிகைக்காரர் ஒருவர் பாராட்டி எழுதியிருந்தார். அந்தப் பாராட்டு யாருக்குச் சேர வேண்டும் என்று நான் ஒரு வாரம் சொல்லிக்காட்டினேன்.

இவர் பிறந்ததே மட்டாஞ்சேரியில்தான். அப்பா கார்ப்பரேஷன் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். இவர் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம், அதனால் தமிழ் பேச வரும், எழுத வராது. தமிழ் வசனத்தை மலையாள எழுத்தில் எழுதுவார். மாரிக்கு அந்த எழுத்து படிக்க வராது. பஸ் போர்டு பார்த்துப் பார்த்து மலையாளம் கற்றுக்கொண்ட நான்தான் நடுவில் உட்கார்ந்து அவனுக்கு வாசித்துச் சொல்வேன். வாரநாட்களில் இவருக்குத் தோப்பும்படியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஷிபுவோடு சேர்ந்து கல்யாண வீடியோ. ஷிபுதான் கேமரா. விளக்கும் மைக்கும் சேவியர். அவன் சர்ச் பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் லைட் செட் வாடகைக்கு விடுகிறவன். கல்யாணம் இல்லாத ஞாயிறுகளில் அதே கேமரா, அதே விளக்கு, அதே ஆட்கள், சினிமா. எங்கள் கம்பெனி அவ்வளவுதான்.

படம் முடிந்ததும் ஊர் ஊராக விழாக்களுக்கு அனுப்புவார். 'இவ்வாண்டு பல சிறந்த படங்கள் வந்திருந்ததால் தங்கள் படத்தைச் சேர்க்க இயலவில்லை' என்று பதில் வரும். "பாத்தியா, சிறந்த படங்கள்னு சொல்லிருக்காங்க," என்று அதையும் சந்தோஷமாக வாசித்துக் காட்டுவார். இவரோடு கோபமாக இருப்பது கஷ்டம். ஆனாலும் நான் முயற்சியை விடுவதில்லை.

மூன்றாவது படத்தைப் பள்ளிக்கூட ஹாலில் போட்டபோது எங்கள் சேனைப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். படம் முடிந்ததும் மஞ்சுஷா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள்தான் தினமும் என்னோடு சுற்றுக்கு வருகிறவள்.

"பாக்கியம் சேச்சி நன்னாயிட்டு மரிச்சு, கேட்டோ," என்றாள்.

நன்றாகச் செத்தீர்கள் என்கிறாள். வரிசையாக வந்த எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். போன தடவையைவிட இந்தத் தடவை நன்றாகச் செத்தேன் என்றாள் ஒருத்தி. நானும் சிரித்துக்கொண்டு நன்றி சொன்னேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் மனசுக்குள் என்னவோ குடைய ஆரம்பித்தது. காலையில் சாயாவைக் கொண்டுபோய் இவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அடுத்த படத்துல நான் கடைசிவரைக்கும் உயிரோட இருக்கணும். இல்லன்னா நடிக்க மாட்டேன். வீடும் கேட்டுத் தர மாட்டேன்."

"அதென்ன இப்போ பெட்டெந்நு?"

"திடீர்னு ஒண்ணுமில்ல. மூணு வாட்டி செத்தாச்சு. உயிரோட இருக்கற என்னை வச்சு உங்களுக்கு ஒரு கதைகூடவா வரல?"

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். கேட்டு முடிக்கும்போது அது விளையாட்டாக இல்லை. இவர் சாயா கிளாஸைத் தள்ளிவைத்தார். பிறகு என் தலையில் கை வைத்து, "சத்தியமாயிட்டு, அடுத்த படத்துல நீ சாகாது," என்றார். தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறாரே, சத்தியம் பொய்த்தால் போவது என் தலைதானே என்று அப்போதே எனக்குத் தோன்றியது. ஆனாலும் நம்பினேன்.

நாலாவது படம் எழுதினார். புருஷன் ஒருத்தன், எதற்கெடுத்தாலும் பெண்டாட்டியைக் கூப்பிடுகிறவன். துண்டு எங்கே, கண்ணாடி எங்கே, இன்னொரு செருப்பு எங்கே என்று நாள் முழுக்க அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருப்பான். புருஷன் மாரி, பெண்டாட்டி நான். அவளுக்கு மதி என்று பெயர் வைத்திருந்தார். மதி என்றால் நிலவாம். அழகாக இருக்கிறது என்று நானும் சொன்னேன். கதையை எங்கிருந்து எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்குக் காலையில் மட்டும் அவருடைய கண்ணாடியைத் தேடி இரண்டு தடவை கொடுத்திருந்தேன்.

பெயரில் என்ன வில்லங்கம் என்பது படப்பிடிப்பின் முதல் நாளில்தான் தெரிந்தது. மலையாளத்தில் மதி என்றால் போதும் என்று அர்த்தம். கல்யாண வீடுகளில் பொண்ணு மாப்பிள்ளையை நிறுத்தி, சிரிக்கவைத்து, எடுத்து முடித்ததும் இவர் "மதி" என்பார், அவர்கள் கலைவார்கள். அதே பழக்கம் சினிமாவுக்கும் வந்துவிட்டது. மற்ற டைரக்டர்கள் 'கட்' சொல்கிற இடத்தில் எங்கள் டைரக்டர் 'மதி' என்பார். மூன்று படமும் அப்படித்தான் எடுத்தோம். எழுதும்போது இவர் மூளை தமிழில் ஓடும், வேலை வாங்கும்போது மலையாளத்தில் ஓடும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

மாரி ஈரத் தலையோடு வந்து நின்று, நல்ல கம்பீரமாக, "மதி! என் துண்டு எங்க?" என்றான்.

"என் துண்டு எங்க" என்பதை இருட்டில்தான் சொன்னான். 'மதி' என்றதுமே ஷிபு கேமராவை நிறுத்தினான், சேவியர் விளக்கை அணைத்தான், நான் குழம்பைப் பார்க்க அடுக்களைக்குப் போய்விட்டேன்.

"என்னண்ணே, நான் பேசிட்டு இருக்கும்போதே எல்லாரும் போறாவ?" என்று மாரி இருட்டுக்குள்ளிருந்து கேட்டான்.

விஷயம் புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தோம். சேவியர் சிரித்த சிரிப்பில் விளக்குக் கம்பமே சாய்ந்தது. பெயரை மாற்றிவிடுங்கள், கலா என்று வையுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை என்றேன். ஆனால் இவர் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அல்லவா, படம் எடுக்கும் முன்பே போர்டு அடித்துவிட்டார். பஜாரில் மாரியின் துக்க முகத்துக்குக் கீழே ஆளுயர எழுத்தில் 'மதி' என்று தொங்கிக்கொண்டிருந்தது. மலையாளத்துக்காரர்கள் அதைப் படித்துவிட்டு, எதைப் போதும் என்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போனார்கள்.

"இனி நான் 'கட்'டுந்நு சொல்லும். அப்போ நிறுத்தினா மதி," என்றார் இவர். சொன்ன வாக்கியத்திலேயே அந்த வார்த்தை வந்துவிட்டதால் ஷிபு நிறுத்திவிட்டான்.

பழக்கம் லேசில் போகுமா? இவர் 'கட்' என்று கத்தினால் எல்லோரும் எங்கள் பாட்டுக்கு வேலையைத் தொடர்வோம். மாரி ஆசையாக என் பெயரைச் சொன்னால் அத்தனையும் நின்றுவிடும். பாவம், மாரி. சுத்தத் தமிழன், அவனுக்கு அது வெறும் பெயர். ஒவ்வொரு தடவை என்னைக் கூப்பிடும்போதும் ஒரு கண்ணை விளக்கின் மேல் வைத்துக்கொண்டுதான் கூப்பிடுவான். அந்தப் பயமும் படத்தில் நன்றாக விழுந்திருக்கிறது என்றான் ஷிபு. பெண்டாட்டிக்குப் பயந்த புருஷன் போலத் தத்ரூபமாக இருந்ததாம்.

எனக்கு அந்த ஞாயிறுகள் எல்லாம் சந்தோஷமாகப் போயின. முதல் முறையாக ஒரு படத்தில் எனக்குப் பாதிக்கு மேல் வேலை இருந்தது. நடந்தேன், திட்டினேன், துணி துவைத்தேன், சிரித்தேன். இரண்டு மாற்றுப்புடவை. சுற்றுக்குப் போகும்போது மஞ்சுஷாவிடம், "இந்தப் படத்துல நான் சாக மாட்டேன்டி," என்று சொல்லிவைத்திருந்தேன். அவள் அதை வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

கடைசி நாள் வந்தது. என் சுற்றில் வரும் வீட்டுக்காரர் மீனாக்ஷி அக்கா தன் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் அவருடைய வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. மறுநாள் அவர் திரும்பிவிடுவார். மாரியும் ஊரில் கோயில்கொடை என்று அன்று மாலையே கிளம்ப வேண்டும். அதிகாலையிலேயே என் சுற்றை முடித்துவிட்டு, எல்லோருக்கும் சோறும் மீன் குழம்பும் செய்துவைத்துவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சேவியர் விளக்குகளோடு வந்தான். கையில் ஒரு பெரிய சம்பங்கி மாலை.

"யாருக்குடா மாலை?"

"சேச்சிக்கு."

"எனக்கு எதுக்கு?"

"மரிச்சால் பின்னெ மால வேண்டே சேச்சி?" என்றான், உலகத்தில் இல்லாத அப்பாவி முகத்தோடு.

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் ஜன்னல் வழியாக வெயிலைப் பார்ப்பது போல நின்றார். வெயில் நன்றாகத்தான் இருந்தது, அதை அவ்வளவு நேரம் பார்க்க வேண்டியதில்லை.

"தேஷ்யப்படாத, பாக்கியம். ஒந்நு கேளு," என்று என் கோபத்தைத் தணிக்கிற குரலில் மெதுவாக ஆரம்பித்தார். "எத்தனையோ ஆலோசிச்சு பாத்தேன். அவ உயிரோட இருந்தா கடைசில என்ன செய்யும்? ஒண்ணும் கிட்டல. இவன் கூப்பிடுது, பதில் சொல்ல ஆளில்ல. அதுதான் முடிவு. அதுலதான் கனம் இருக்கு. இந்த ஒரே ஒரு வாட்டி."

"சத்தியம் பண்ணீங்க."

"பண்ணினேன். தப்புதான்."

சண்டை போட நிறைய இருந்தது. ஆனால் என்னை நிஜமாகக் குத்தியது சத்தியம் மீறியது அல்ல. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், நான் உயிரோடு இருந்தால் அடுத்து என்ன செய்வேன் என்று இந்த மனிதருக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தும் தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நடிப்பதற்காக முகத்தில் பூசிய பவுடர் கலைந்துவிடும் என்று அழவில்லை.

"சரி. செத்துத் தொலையறேன்," என்றேன். "மாரிக்கு ஊருக்குப் போகணும், மீனாக்ஷி அக்கா நாளைக்கு வந்துருவாங்க. அதுக்காகத்தான். இதோட என் நடிப்பு முடிஞ்சுது. இனிமே உங்க படத்துல நான் கிடையாது."

நான் போய்க் கட்டிலில் படுத்தேன். சேவியர் மாலையைப் போட்டான். "ஸாரி சேச்சி," என்று காதருகில் சொன்னான்.

மாரி கட்டிலருகே மண்டியிட்டு, "மதி...!" என்று கதறினான். சேவியர் விளக்கை அணைத்தான்.

"எடா சேவியரே!"

"அறியாதே போயி சேட்டா," என்றான். தெரியாமல் கை போய்விட்டதாம்.

மறுபடி எடுத்தோம். மாரி கதறினான். இந்தத் தடவை விளக்கு எரிந்தது, ஷிபு கேமராவை நிறுத்திவிட்டான். அதற்கடுத்த தடவை இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள், ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் படம் முடிந்தது என்று நினைத்துக் கைதட்டிவிட்டார்கள். இவர் வெளியே போய் அவர்களுக்கு விளக்கிச் சொல்லிவிட்டு வந்தார். ஷிபுவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார், பிறகு கேமராமேன் கண்ணை மூடக்கூடாது என்று நினைவு வந்து திறக்கச் சொன்னார். "என்ன கேட்டாலும் யாரும் அனங்கக்கூடாது," என்றார்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது நான் பிணமாகக் கிடந்தேன். விடியும் முன் எழுந்தவள், வார்டு சுற்றியவள், சமைத்தவள். மெத்தையோ மீனாக்ஷி அக்கா வீட்டு இலவம்பஞ்சு மெத்தை. மேலே ஃபேன். நான் நன்றாகத் தூங்கிப்போனேன். படத்தில் பார்த்தால் என் முகம் அவ்வளவு அமைதியாக இருக்கிறது, அதெல்லாம் நடிப்பு இல்லை.

தூக்கத்துக்குள் எங்கேயோ "மதி... மதி..." என்று கேட்டது. எத்தனை வருஷமாகக் கேட்கும் வார்த்தை! வேலை முடிந்தது, எழுந்திரு என்று அர்த்தம். எழுந்து உட்கார்ந்தேன்.

"மதியா? முடிஞ்சுதா?" என்றேன், மாலையைக் கழற்றிக்கொண்டே.

எதிரே மாரி, கன்னமெல்லாம் கண்ணீராக, வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஷிபு அசையவில்லை, கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அசையக்கூடாது என்று சொல்லியிருந்தார் அல்லவா, யாரும் அசையவில்லை. இவர் கையைத் தூக்கியபடி நின்றார். 'மதி' என்று சொல்லவந்து, சொன்னால் அது மாரி சொல்கிற மதியாக ஆகிவிடுமே என்று விழுங்கிவிட்டதாகப் பிறகு சொன்னார். 'கட்' என்ற வார்த்தை அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லையாம்.

மாரி ஒருவன்தான் தொழில்காரன். என்ன நடந்தாலும் விடாமல் நடி என்று இவர் எப்போதும் சொல்வதை அவன் மறக்கவில்லை.

"மதி..." என்றான் நடுங்கிக்கொண்டு. "நீ சாவலையா?"

அந்தக் கேள்வியில் எனக்கு எல்லாம் பற்றிக்கொண்டது.

"சாகறதுக்கு எனக்கு எங்கய்யா நேரம்?" என்றேன். "கேக்கற கேள்வியப் பாரு! உன் துண்டு கொடியில கெடக்கு. தினமும் அங்கதான் கெடக்கு. கண்ணைத் தொறந்து பாத்தா தெரியும். மாலையப் போட்டுட்டு இப்ப உக்காந்து அழுற. நான் இருக்கும்போது ஒரு நாளாவது நான் என்ன செய்யறேன்னு திரும்பிப் பாத்தியா? நான் ஸ்கூட்டர் ஓட்டப் படிக்கணும்னு எத்தனை நாளா நெனச்சிட்டிருக்கேன், தெரியுமா உனக்கு? ஜங்கார் படகுல ஏறி வைப்பின் தீவுக்குப் போயி, ஒரு வேலையும் இல்லாம ஒரு நாள் பூரா சும்மா உக்காந்துட்டு வரணும். மாடி வீட்டு ராமாத்தா அக்காகூட சண்டை போட்டுப் பேசாம இருக்கேன், அதுல என் மேலதான் தப்பு, போயி பேசணும். என்னைச் சாகடிச்சுட்டா இதெல்லாம் யாரு செய்யறது? நீ செய்வியா?"

மாரியைப் பார்த்துத்தான் பேசினேன். யாருக்குச் சொல்கிறேன் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். பேசப் பேச எனக்குக் கோபம் இறங்கி, பசி தெரிந்தது. மாலையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, பாத்திரத்தைத் திறந்து இரண்டு தட்டில் சோறு போட்டு, மீன் குழம்பை ஊற்றினேன். ஒன்றை மாரி முன்னால் வைத்தேன். நான் எனக்கு முன்னால் இருந்ததைச் சாப்பிட ஆரம்பித்தேன். மாரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு வாய் வைத்தான். "உப்பு கொஞ்சம் கூடிட்டு," என்றான். "சாவு வீட்டுல இதுவே ஜாஸ்தி," என்றேன். ஷிபுவின் தோள் குலுங்கியது, ஆனால் கேமரா குலுங்கவில்லை. நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் நிறுத்தவில்லை. கடைசியில் கார்டு நிறைந்து கேமராவே நின்றுகொண்டது.

அன்று மாரி அவசரமாகப் பஸ்ஸுக்குக் கிளம்பினான். நான் வீட்டைக் கூட்டிப் பூட்டினேன். இவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வேலை முடிந்த மாலைகளில் ஃப்ளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். எதை வெட்டினார், எதை ஒட்டினார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் இனி உங்கள் படமே வேண்டாம் என்று சொன்னவளுக்கு மானம் இருக்கிறதே. கண்ணாடி எங்கே என்று இவர் கேட்டால் கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவேன்.

களமசேரியில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற மாளவிகா என்ற பெண், நண்பர்களோடு சேர்ந்து இப்படிப்பட்ட படங்களைத் தேடித்தேடிப் போடுகிறவள். அவள்தான் பஜாரில் ஒரு சுக்குக் கிடங்கைக் கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் 'மதி'யைத் திரையிட ஏற்பாடு செய்தாள். எங்கள் சேனைப் பெண்கள் கொட்டகையிலிருந்து நேராகப் பச்சைக் கோட்டோடு வந்து நிறைந்துவிட்டார்கள். மாரி லீவு போட்டுவிட்டுப் புதுச் சட்டையில் வந்திருந்தான். நான் கடைசி வரிசையில், யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாத மூலையில் உட்கார்ந்தேன்.

படம் ஓடியது. மாரி துண்டைக் கேட்டான், கண்ணாடியைக் கேட்டான். பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் மீனாக்ஷி அக்கா வீட்டுக் கட்டில் வந்தது, மாலையோடு நான் வந்தேன். கிடங்கு முழுக்க 'ச்சோ' என்றது. "பின்னெயும் மரிச்சோ!" என்று மஞ்சுஷாவின் குரல் கேட்டது. வார்டு முழுக்கச் சொல்லிவைத்தவள், அவளுக்குத்தான் அவமானம். இத்தோடு வெட்டிவிட்டிருப்பார், அதனால்தான் என் முகத்தைப் பார்க்காமல் திரிகிறார் என்று நினைத்தேன். எழுந்து போய்விடலாம் என்று செருப்பைத் தேடினேன்.

மாரி கதறினான். திரையில் நான் எழுந்து உட்கார்ந்தேன்.

அப்படி ஒரு சத்தத்தை நான் எந்தத் தியேட்டரிலும் கேட்டதில்லை. நாற்காலிகள் சாய்ந்தன. ஒருத்தி விசில் அடித்தாள். நான் துண்டு கொடியில் கிடக்கிறது என்று சொன்னபோதும் சிரித்தார்கள், உப்புக்கும் சிரித்தார்கள். நடுவில் ஸ்கூட்டர், வைப்பின் என்று நான் பேசிய இடத்தில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. ஒரு வார்த்தை வெட்டவில்லை இவர். நான் தட்டை வழித்துச் சாப்பிட்டு, விரலை நக்கிக்கொண்டு, அடுத்து என்ன வேலை என்பது போல வாசல் பக்கம் பார்க்கிறேன். அதோடு படம் முடிகிறது.

விளக்குப் போட்டார்கள். மாளவிகா மைக்கை எடுத்து, படத்தைப் பற்றி யாராவது ஏதாவது கேட்க வேண்டுமானால் டைரக்டரிடம் கேட்கலாம் என்றாள். இவர் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதலில் மஞ்சுஷா எழுந்தாள்.

"என்னிட்டு?" என்றாள்.

அப்புறம் என்ன என்று கேட்கிறாள். "என்னிட்டுந்நு வெச்சா?" என்றார் இவர், புரியாமல்.

"ஊணு கழிச்சு எணீட்ட மதி பின்னெ எந்து செய்து? ஸ்கூட்டர் படிச்சோ?"

சாப்பிட்டு எழுந்தவள் ஸ்கூட்டர் கற்றுக்கொண்டாளா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். இன்னொருத்தி எழுந்து, முதலில் வைப்பினுக்குத்தான் போயிருப்பாள் என்றாள். மாடி வீட்டுக்காரியோடு சண்டை தீர்ந்ததா என்று பின்னால் ஒருத்தி கத்தினாள். அந்தப் புருஷனைத் துண்டோடு சேர்த்துக் கொடியில் போட வேண்டும் என்றாள் வேறொருத்தி. மாரி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். கிடங்கு முழுக்க மதி அடுத்து என்ன செய்வாள் என்று ஆளுக்கொரு பக்கம் வாதாடினார்கள். செத்தவளைப் பற்றி இப்படி யாரும் கேட்பதில்லை. மூன்று படத்திலும் என்னிடம் ஒருவர்கூட அப்புறம் என்ன என்று கேட்டதில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் இல்லை.

இவர் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தார். கடைசி வரிசைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்லு பாக்கியம்," என்றார். "பின்ன என்ன ஆச்சு? எனக்கு அறியில்ல."

இத்தனை பேர் முன்னால் தெரியாது என்று சொல்கிற மனிதரிடம் என்ன கோபத்தை வைத்துக்கொள்வது?

"திங்கக்கிழமை காலைல என்கூட சுற்றுக்கு வாங்க. தெரியும்," என்றேன்.

இவர் முகம் மலர்ந்துவிட்டது. "வர்றேன். ஷிபுகிட்ட சொல்லி கேமராவ..."

"கேமராவ வீட்டுல வச்சிட்டு வாங்க," என்றேன். "சாக்கு பிடிக்க ரெண்டு கையும் வேணும்."